உங்களுக்குத் தெரியுமா? மீனின் சிவப்பு தீவனப் பையிலிருந்து வருகிறது!

சால்மன் மீனின் சதை ரோஜா நிறத்தில் இருக்கிறதே, அது மீனின் சொந்த நிறம் இல்லை! அது சாப்பிட்ட சாப்பாட்டின் நிறம்!

கடலில் திரியும் சால்மன் குட்டி இறால்களையும் கிரில்களையும் அள்ளித் தின்கிறது. கிரில் என்றால் பார்ப்பதற்கு நம்ம சென்னாக்கூனி மாதிரியே இருக்கும். அவற்றின் உடம்பில் உள்ள சிவப்புச் சாயம்தான் சால்மனின் சதையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாயத்தின் பெயர் அஸ்டாக்சாந்தின்!

கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, செண்டுமல்லியின் மஞ்சள் எல்லாம் இந்தச் சாயத்துக்குப் பங்காளிகள். குடும்பப் பெயர் கரோட்டினாய்டு. இயற்கையில் இதுவரை கண்டுபிடித்திருக்கும் கரோட்டினாய்டுகள் 700-க்கும் மேல்!

பண்ணை சால்மனுக்கு இந்தச் சாயம் இல்லாத தீவனத்தையே போட்டு வளர்த்தால்? மீன் நன்றாகக் கொழுக்கும். வெட்டிப் பார்த்தால் சதை வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்த வெள்ளையாக இருக்கும்!

சரி, ஒரு முழு மீனைச் சிவப்பாக்க எவ்வளவு சாயம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கிலோ மீனில் சதை சுமார் 3 கிலோ. பண்ணை சால்மனின் சதையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் அஸ்டாக்சாந்தின். ஆக மொத்தம் 20 மில்லிகிராம் சொச்சம். அதாவது ஒரே ஒரு அரிசி மணியின் எடை! அந்த ஒரு அரிசி மணிதான் 5 கிலோ மீனுக்கும் நிறம் கொடுக்கிறது!

பசிபிக் கடலின் சாக்ஐ சால்மன் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதன் சதையில் கிலோவுக்கு 25 மில்லிகிராமைத் தாண்டும்! ரத்தச் சிவப்பு!

இத்தனைக்கும், போடுகிற சாயத்தில் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது. தீவனத்தில் கலந்ததில் பத்தில் ஒரு பங்கு சதையில் ஒட்டினாலே பெரிய விஷயம்! மீதி சதையில் சேராமலே போய்விடும்!

அதனால்தான் சாயத்துக்கு இவ்வளவு கிராக்கி. சால்மன் தீவனச் செலவில் 15 முதல் 20 சதவீதம் வரை இந்த நிறத்துக்கே போய்விடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மீனுக்குப் போடும் சோற்றில் ஐந்தில் ஒரு ரூபாய் அழகுக்காக!

பெயின்ட் கடையில் ஷேடு கார்டு பார்த்திருப்பீர்கள். சால்மனுக்கும் ஒன்று உண்டு! சால்மோஃபேன் என்று பெயர். விசிறி மாதிரி விரியும். 20-ஆம் எண்ணில் வெளிர் ரோஜா, 34-ஆம் எண்ணில் அடர் சிவப்பு. மொத்தம் 15 ஷேடு. மீன் துண்டின் பக்கத்தில் விசிறியை வைத்து, 'இது 28' என்று எண் சொல்லித் தரம் பிரிப்பார்கள்!

முட்டையின் மஞ்சள் கருவுக்கும் இப்படி ஒரு விசிறி இருக்கிறது. அது தனிக் கதை!

பண்ணை சால்மன் பிறந்த கதை நம் காலத்துக் கதைதான். நார்வேயின் ஹித்ரா தீவில் 1970-ல் கடலில் கூண்டு இறக்கி ஆரம்பித்தார்கள். இன்று நார்வே ஒரு நாடு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது!

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம்ம மார்க்கெட்டில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பார்கள். காலாவுக்கும் சால்மனுக்கும் சொந்தமே கிடையாது! சதையும் வெள்ளை. ருசியில் காலா யாருக்கும் குறைந்ததில்லை, அது வேறு விஷயம்!

எவ்வளவு இறால் தின்றாலும் சிவக்காத சால்மனும் உண்டு! பசிபிக்கின் சினூக் சால்மனில் சுமார் 20-க்கு ஒன்று வெள்ளைச் சதையோடு இருக்கும். சாயத்தைச் சதையில் சேர்த்து வைக்கும் திறமை அதன் மரபணுவில் இல்லை. ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மீன். இப்போது 'ஐவரி கிங்' என்று பெயர் சூட்டி, சிவப்பை விட அதிக விலைக்கு விற்கிறார்கள்!

டாஸ்மேனியாவில் கோடை உச்சத்துக்குப் போனால் பண்ணை சால்மனுக்குச் சாப்பாடு இறங்காது. சதையில் உள்ள நிறமும் வடிந்துவிடும். அதுவும் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளிறல் என்று திட்டுத் திட்டாக!

கல்யாண நேரத்தில் ஆண் சால்மன் செய்யும் காரியம் இன்னும் அபாரம். சதையில் வருஷக் கணக்கில் சேர்த்து வைத்த சிவப்பையெல்லாம் தோலுக்கு இடம் மாற்றிவிடும்! மேலே பட்டுச் சட்டை மாதிரி தகதகக்கும். உள்ளே சதை வெளிறிப்போயிருக்கும்!

பெண் சால்மன் தோலுக்கு அவ்வளவு செலவழிப்பதில்லை. முட்டைக்கு அனுப்பிவிடுகிறது! சால்மன் முட்டை ஆரஞ்சு முத்து மாதிரி மின்னுவது அம்மா கொடுத்த சீர்!

அந்தச் சீர் வெறும் அழகுக்கா? இல்லவே இல்லை! நான் படித்ததிலேயே என்னை அதிகம் அசத்தியது இதுதான். முதல் தீனி எடுக்கும் அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளுக்கு அஸ்டாக்சாந்தினைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள் நார்வே ஆய்வாளர்கள். முடிவு வந்தது 1995-ல். தீவனத்தில் கிலோவுக்கு 5.3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வளர்ச்சி படுத்துவிட்டது! 1 மில்லிகிராமுக்கும் கீழே போனால் பாதிக்கு மேல் செத்தே போயின! 1 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்ட குஞ்சுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்தன! ஒரு கடுகின் எடைகூட வராது! அந்த அளவில்தான் உயிரும் சாவும்!

அதே சால்மன் வளர்ந்து பெரிதானால் கதை தலைகீழ். பெரிய மீனுக்குச் சாயம் போட்டாலும் போடாவிட்டாலும் பல ஆய்வுகளில் எடை ஒன்றுதான்! குஞ்சுக்கு அது உயிர். பெரியதுக்கு அது நிறம்!

மீனின் உடம்பு இந்தச் சாயத்தை உடைத்து வைட்டமின் ஏ-வும் செய்துகொள்ளும்! ஒரே சாயம், இரண்டு வேலை!

இந்தச் சாயத்தைச் சிங்கி இறாலிலிருந்து பிரித்து ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் குன். ஆண்டு 1938. அதே 1938-க்கான வேதியியல் நோபல் பரிசும் கரோட்டினாய்டு ஆராய்ச்சிக்காக அவருக்கே! ஹிட்லர் அரசு அதை வாங்க விடவில்லை! அதற்கு முந்தைய வருஷம் நோபல் வாங்கிய பால் காரரும் கரோட்டினாய்டு ஆள்தான். அடுத்தடுத்து இரண்டு வருஷம், ஒரே சாயக் குடும்பத்துக்கு இரண்டு நோபல்!

சிங்கி இறால் என்றதும் ஒன்று. ஐரோப்பியக் கடலின் சிங்கி உயிரோடு இருக்கும்போது கருநீலம். கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் செக்கச் சிவப்பு! சாயம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. ஓட்டுக்குள் ஒரு புரதம் அஸ்டாக்சாந்தினை இறுக்கிப் பிடித்து நீலமாகக் காட்டிக்கொண்டிருந்தது. சூடு பட்டதும் பிடி விட்டது, சிவப்பு வெளியே வந்தது! அந்தப் பிடியின் வடிவத்தை எக்ஸ்ரே வைத்துப் படம் பிடிக்க 2002 வரை ஆயிற்று!

அதை நம் வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை வரி இறால் வாங்கி வந்தேன். ஓட்டோடு அரைக் கிலோ. கழுவும்போது பழுப்பும் பச்சையும் கலந்த கோடுகள். சூடான கடாயில் நல்லெண்ணெய் விட்டுப் போட்டேன். மஞ்சள் தூள் இல்லை, மிளகாய்த் தூள் இல்லை. முதலில் கால்கள் சிவந்தன. அப்புறம் மீசை. அப்புறம் வாலிலிருந்து முதுகு வரை ஒரு ஆரஞ்சு அலை ஏறியது! இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இறாலை எடுத்த பிறகு பார்த்தால் கடாயில் கிடந்த எண்ணெயும் ஆரஞ்சு! அஸ்டாக்சாந்தின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்!

வேக வைத்தும் சிவக்காத இறால் உண்டா? உண்டு! 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பண்ணைகளில் வரி இறால்கள் நீலம் நீலமாக வந்தன. வேக வைத்தால் சோகை பிடித்த மஞ்சள்! வாங்குவோர் முகம் சுளித்தார்கள். நோயோ என்று தேடினால் கரோட்டினாய்டு பற்றாக்குறை! கிலோ தீவனத்துக்கு 50 மில்லிகிராம் அஸ்டாக்சாந்தின் கலந்து போட்டார்கள். 4 வாரம். பழைய நிறம் திரும்பிவிட்டது!

தீவனம் மட்டுமா? தொட்டியின் நிறமும் வேலை செய்யும்! கறுப்புத் தொட்டியில் விட்ட இறால் கறுக்கும், வேக வைத்தால் இன்னும் சிவப்பாக வரும். வெள்ளைத் தொட்டியில் விட்ட இறால் வெளுக்கும்!

ஜப்பானுக்கு வாருங்கள்! அங்கே கல்யாணம், பிறந்தநாள், எதுவானாலும் இலையில் 'தை' மீன் இருந்தாக வேண்டும். மங்களகரம் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'மெதெதை'. அதற்குள்ளேயே தை ஒலிக்கிறது! அந்த மீன் சிவப்பாக இருந்தால்தான் மங்களம். ஆண்டுக்கு 60,000 டன்னுக்கு மேல் பண்ணையில் வளர்க்கிறார்கள். பாதிக்கு மேல் எஹிமே என்ற ஒரே மாகாணத்தில்!

ஆனால் ஒரு சிக்கல். ஆழக் கடலில் இருட்டில் வாழும் மீனை மேல்மட்டத்துக் கூண்டில் விட்டால் என்ன ஆகும்? வெயில் பட்டுக் கறுத்துவிடும்! நமக்கு ஆவது மாதிரியே! அதனால் கூண்டின் மேல் கறுப்பு வலையைப் பந்தலாக விரிக்கிறார்கள். மீனுக்குக் குடை! அதோடு கிரில் கலந்த தீவனம். அப்புறம்தான் மணப்பெண் சிவப்பு!

'இறாலைப் போட்டுத் தை மீனைப் பிடி' என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. சின்ன முதல் போட்டுப் பெரிய லாபம் பார் என்று அர்த்தம். பழமொழி சொன்ன முன்னோருக்குத் தெரிந்திருக்காது, அந்த மீனைச் சிவப்பாக்குவதே இறால்தான் என்று!

ஆஸ்திரேலியாவில் அதே குடும்பத்து மீனுக்கு இன்னும் சுலபமான வழி கண்டார்கள். கறுப்புக் கூண்டிலிருந்து வெள்ளைக் கூண்டுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். ஒரு நாளுக்குள்ளேயே தோல் வெளுத்து, அடியில் இருந்த இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரிந்தது!

அலங்கார மீன் உலகத்துக்கு வருவோம். இங்கேதான் நிறம் காசாகிறது. 2018-ல் ஜப்பானில் ஒரு கோய் கெண்டை ஏலம் போனது. விலை 20 கோடியே 30 லட்சம் யென்! அன்றைய கணக்கில் நம்ம பணத்துக்குச் சுமார் 13 கோடி ரூபாய்! ஒரே ஒரு மீன்! வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு. 'கோஹாகு' என்ற வகை.

கோய் வளர்ப்பவர்கள் சிவப்பை ஏற்றுவதற்கென்றே தனித் தீவனம் போடுவார்கள். சுருள்பாசி கலந்தது. பாசி என்னவோ பச்சை, மீனுக்கு ஏறுவது சிவப்பு! பாசியில் உள்ள ஸியாசாந்தின் என்ற மஞ்சள் சாயத்தை வாங்கி, உடம்புக்குள்ளேயே சிவப்பு அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ளும் வித்தை கெண்டைக்கும் தங்கமீனுக்கும் தெரியும். சால்மனுக்குத் தெரியாது!

ஆசை அதிகமாகி அளவு மீறிப் போட்டால்? வெள்ளைப் பகுதியும் ரோஜா நிறமாகிவிடும்! சிவப்பு வேண்டும், ஆனால் வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். 13 கோடி ரூபாய் மீனின் மதிப்பெல்லாம் அந்த எல்லைக் கோட்டில்தான்!

தங்கமீன் பிறக்கும்போது தங்கம் இல்லை! குஞ்சு பச்சை கலந்த பழுப்பு. மாதங்கள் போகப் போகத்தான் கறுப்பு உதிர்ந்து ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். இருட்டு மூலையில் தொட்டியை வைத்தால் வந்த தங்கமும் வெளிறும்!

சென்னை கொளத்தூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவெல்லாம் வண்ண மீன் கடை! ஒரு கடையில் 'கலர் தீவனம்' என்று கேட்டேன். கடைக்காரர் சின்னச் சின்னச் சிவப்புக் குருணையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். "மூணு நாலு வாரம் போடுங்கண்ணே, அப்புறம் பாருங்க" என்றார். தாய்லாந்து இறாலுக்கு ஆன அதே 4 வாரம்! ஆய்வுக் கட்டுரை எதையும் புரட்டாமலே அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறது!

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீனையே தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்! ஆனால் தொட்டியில் பிறக்கும் கோமாளி மீன்களுக்குப் பவளப்பாறையில் பிறந்தவற்றின் ஆரஞ்சு சுலபத்தில் வராது. அதற்கும் மருந்து தீவனம்தான்!

மாலைக்குக் கட்டும் செண்டுமல்லி மீனுக்கும் தீனி! அதன் இதழில் லூட்டின் என்ற கரோட்டினாய்டு கொட்டிக் கிடக்கிறது. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் ஒப்பந்தம் போட்டுப் பயிரிடுகிறார்கள். பூக்கடைக்கு இல்லை, சாயம் எடுக்கும் ஆலைக்கு! கோழித் தீவனத்துக்குப் போகிறது, மீன் தீவனத்துக்கும் போகிறது. காய்ந்த இதழை அரைத்துப் போட்டு வாள்வால் மீனின் சிவப்பைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகள் நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன!

மிளகாய்? அதுவும்தான்! வற்றலின் சிவப்புக்குக் காரணம் கேப்சாந்தின். அதுவும் கரோட்டினாய்டு. காரமில்லாத குடமிளகாய் வகையிலிருந்து எடுத்த சாயத்தை அலங்கார மீன் தீவனத்தில் கலக்கிறார்கள்!

பச்சையாக இருக்கும் ஒரு பாசி உலகத்தின் சிவப்புக் கிடங்கு! ஹெமட்டோகாக்கஸ் என்று பெயர். நல்ல தண்ணீரில் நிம்மதியாக இருக்கும்வரை பச்சை. வெயிலில் காய்ச்சி, பட்டினி போட்டால் பயந்து சிவந்துவிடும்! காய்ந்த எடையில் 4 சதவீதம் வரை அஸ்டாக்சாந்தின்! அரிசி மணி கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்தப் பாசிப் பொடி ஒரு கிலோவில் 40 கிராம் சாயம். கிட்டத்தட்ட 2,000 சால்மன்களின் சதையில் தங்கியிருக்கும் நிறம்!

எல்லா மீனுக்கும் நிறம் வேண்டும் என்று நினைத்தீர்களா? கெளுத்திப் பண்ணைக்காரருக்கு நிறமே எதிரி! அமெரிக்கக் கெளுத்தியின் சதை வெள்ளையாக இருந்தால்தான் விலை. தீவனத்தில் மக்காச்சோளப் புரதம் அதிகமானால் அதன் மஞ்சள் சாயம் சதையில் ஏறிவிடும். கிலோ தீவனத்தில் 11 மில்லிகிராம் தாண்டினாலே மஞ்சள் தட்டும்! வியட்நாமின் பாசா மீனுக்கும் இதே தலைவலி!

சால்மன் தீவனத்தில் எவ்வளவு கலக்கலாம் என்பதற்குச் சட்டமே உண்டு! அமெரிக்காவில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் அஸ்டாக்சாந்தின். ஐரோப்பாவில் 100!

அதன் தம்பி கேந்தாக்சாந்தின் மட்டும் மாட்டிக்கொண்டது. தோலை வெண்கல நிறமாக்குகிறேன் என்று அதை மாத்திரையாக விழுங்கியவர்களின் விழித்திரையில் தங்கத் துகள் மாதிரிப் படிகங்கள்! மாத்திரையில் இருந்த அளவு மீனில் இருப்பதை விடப் பல மடங்கு. இருந்தாலும் ஐரோப்பா சும்மா விடவில்லை. 2003-ல் சால்மன் தீவனத்துக்கான அளவை 80-லிருந்து 25 மில்லிகிராமாக வெட்டிவிட்டது!

கோடியக்கரைக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்பும் இதே கணக்குத்தான்! உப்பளத்துக் குட்டி உயிர்களைத் தின்று வந்த நிறம். மிருகக்காட்சிசாலையில் சாயமில்லாத தீனி போட்டால் பூநாரை வெள்ளை நாரையாகிவிடும்!

மீன்களே நிறம் பார்த்துத்தான் மாப்பிள்ளை பார்க்கின்றன! ஐரோப்பாவின் முள்முதுகு மீனில் ஆணுக்கு வயிறு சிவப்பு. அதுவும் கரோட்டினாய்டு. ஆய்வில் இரண்டு ஆண்களைக் காட்டியபோது பெண் மீன் அதிகச் சிவப்பையே தேர்ந்தெடுத்தது. விளக்கைப் பச்சையாக மாற்றினார்கள். சிவப்பு தெரியாமல் போனது. பெண் மீனுக்கு இரண்டு மாப்பிள்ளையும் ஒன்றாகிவிட்டார்கள்! ஒட்டுண்ணி பிடித்த ஆணின் சிவப்பு மங்கிப்போனதையும் அதே ஆய்வில் கண்டார்கள். 1990!

நீல மீன்? தீவனத்தால் நீலத்தை ஏற்ற முடியாது! மீன்களின் நீலம் பெரும்பாலும் சாயமே இல்லை, தோலில் உள்ள நுண்தகடுகள் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஜாலம். நிஜமான நீலச் சாயம் கொண்ட செல்லை மாண்டரின் மீனில் கண்டுபிடித்ததே 1995-ல்தான்!

கடைசியாக ஒன்று. சால்மன், இறால், தங்கமீன், பூநாரை, நீங்கள், நான், யாருக்குமே கரோட்டினாய்டைச் சொந்தமாகச் செய்யத் தெரியாது. சாப்பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும். பிராணிகள் எல்லாமே அப்படித்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 2010-ல் மாட்டியது ஒரு பூச்சி! பட்டாணிச் செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினி! தன் சிவப்பைத் தானே தயாரிக்கிறது! அந்த வித்தையை எங்கே கற்றது என்று மரபணுவைத் துருவிப் பார்த்தால், எந்தக் காலத்திலோ ஒரு பூஞ்சையிடமிருந்து மரபணுவோடு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது!